அம்பு ஒட்டுகிறவர்

“சாமி, எனக்கு வேலை போயிடுச்சுங்க.”

“எப்போங்ணா?”

“தை மாசங்க.”

“இப்ப ஆவணி நடக்குது. சொல்றதுக்கு இத்தனை நாளாச்சுங்களா?”

“அதைச் சொல்ல வரலீங்க சாமி. வேலை போனப்புறம் சொந்தமா ஒரு தொழில் ஆரம்பிச்சேன். இப்ப அதுவும் போகப் போகுதுங்க.”

சாமி உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

அவரை ஊரில் சின்னச்சாமி என்பார்கள். மடத்துப் பெரியசாமி காலமான பிறகு அவர் இடத்துக்கு வந்தவர். வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. தன்னைவிட மூத்தவர்கள் காலில் விழ வந்தால் பின்னால் நகர்ந்துகொள்வார். எல்லாரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வந்தவர் பெயர் சென்னியப்பன். ஐம்பதைத் தாண்டியவர். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தார். கம்பெனி ஒரு யூனிட்டை மூடியது. அவரை வீட்டுக்கு அனுப்பியது.

“என்ன தொழிலுங்ணா?”

“பொறந்த கொழந்தைக்குப் போடுற ஜப்லாங்க. எங்க ஊட்டுக்காரி மரகதம் தைப்பா. நான் செக் பண்ணுவேன்.”

“விக்குதுங்களா?”

“கடைக்குக் கொடுத்தாத்தானுங்களே விக்கும்?”

“ஏன் கொடுக்கலை?”

“இன்னும் ஒரு பீஸ்கூட பாஸாகலீங்க.”

சாமி அவர் முகத்தைப் பார்த்தார். சென்னியப்பன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

*

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அட்டை முழுக்கச் சிவப்பு அம்புகள். ஒவ்வொன்றும் நகத்தளவு ஸ்டிக்கர்.

துணியில் குறை இருந்தால் அதன் பக்கத்தில் இதை ஒட்ட வேண்டும். அம்பின் முனை குறையைக் காட்ட வேண்டும். கழுத்து ஒரு நூல் அளவு இறங்கியிருந்தால் ஓர் அம்பு. பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் ஓர் அம்பு. எண்ணெய்ப் பொட்டு பட்டிருந்தால் ஓர் அம்பு. அம்பு ஒட்டிய துணி பெட்டிக்குள் போகாது.

“மடத்துக்கு வர்றப்பகூட இதை எடுத்துட்டு வருவீங்களா?”

“பையில இருந்தாத்தானுங்க சட்டை போட்ட மாதிரி இருக்குது.”

“அக்கா தைக்கிற எல்லாத்துக்கும் ஒட்டிட்டீங்க.”

“குறை இருந்துச்சுங்க சாமி. இல்லாததுக்கு ஒட்டலை.”

“அக்கா என்ன சொல்றாங்க?”

“ஒண்ணும் சொல்றதில்லீங்க. புதன்கெழமையில இருந்து மெஷின்ல உக்காரலை. நாளைக்கு வேற கம்பெனிக்கு டெய்லர் வேலைக்குப் போறாளாம். காலையில வேன் வருதுங்க.”

“போயிட்டு வரட்டுமே.”

“போகக் கூடாதுங்க சாமி!”

சத்தம் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. அடுப்படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார்.

“பஞ்சுத் தூசி அவளுக்கு ஆகாதுங்க. இளைப்பு வந்துதான் கம்பெனி வேலையை உட்டா. படுத்தா மூச்சு அடைக்கும். ஒரு வருசம் செவுத்துல சாஞ்சு உக்காந்தேதான் தூங்குனா. மறுபடியும் அங்க போறேங்கறா. எனக்காகத்தான் போறா.”

சாமி வெங்காயத்தை எடுத்தார். மறுபடி கீழே வைத்தார்.

“கம்பெனியில நல்ல துணியை நீங்க தெரியாம ரிஜெக்ட் பண்ணிட்டா என்ன பண்ணுவாங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

“கெட்ட துணியைப் பாஸ் பண்ணிட்டா?”

“சீட்டைக் கிழிச்சிருவாங்க.”

“உங்க ஊட்டுல யாருங்ணா சீட்டைக் கிழிக்கிறது?”

சென்னியப்பன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

*

சாமி எழுந்தார். தன் காவி வேட்டியைப் பிரித்துப் பிடித்துக் காட்டினார்.

“இதைச் செக் பண்ணுங்க.”

“சாமி வேட்டியிலயா?”

“வந்து உக்காந்ததுல இருந்து அதைத்தானே பார்த்துட்டு இருக்கீங்க. கையோட ஒட்டிருங்க. உங்களுக்கும் நிம்மதி.”

சென்னியப்பன் வெட்கப்பட்டார். ஆனால் அட்டையைப் பையில் வைக்கவில்லை. கரையோரம் நூல் விட்ட இடத்தில் ஒன்று ஒட்டினார். சாயம் திட்டாகப் பிடித்த இடத்தில் ஒன்று. மடிப்புத் தையல் விலகி ஓடிய இடத்தில் ஒன்று. ஒட்டி முடித்ததும் அவர் முகம் உண்மையிலேயே தெளிந்திருந்தது.

“இப்ப எங்க நல்லா இருக்குதுன்னு ஒட்டுங்க.”

“அதுக்கு ஸ்டிக்கர் கிடையாதுங்களே.”

“ஏன்?”

“நல்லா இருக்கறதை யாருங்க பார்க்கப் போறா? அதுபாட்டுக்குப் பெட்டிக்குப் போயிரும்.”

“பெட்டி எங்க போகும்?”

“தூத்துக்குடி. அங்கிருந்து கப்பல்.”

“அப்புறம்?”

“அப்புறம் தெரியாதுங்க.”

“இத்தனை வருசத்துல, நீங்க பார்த்தனுப்பின துணியை ஒரு குழந்தை போட்டுட்டு இருந்து பார்த்திருக்கீங்களா?”

சென்னியப்பனுக்கு அந்தக் கேள்வியே விநோதமாக இருந்தது.

“நான் எங்கீங்க அங்கெல்லாம் போறது?”

“சரி. ஞாயித்துக்கெழமை. ஆளுக நெறையச் சாப்பிட வருவாங்க. இந்த வெங்காயத்தை உரிங்க.”

சென்னியப்பன் உரித்தார். சாமி வேட்டியில் அம்புகளோடு பந்தி விசாரிக்கப் போனார். ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, “சாமி, என்னமோ ஒட்டியிருக்குது” என்றார்.

“ஆமாங்க. அந்தண்ணன்தான் ஒட்டினார். நான் இன்னும் பாஸாகலை.”

*

மடத்து வேப்பமரத்தில் ஒரு தொட்டில் கட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காய் நறுக்க வரும் கோகிலாவின் குழந்தை அதில் கிடந்தது. மாதம் இரண்டுகூட ஆகாத பெண் குழந்தை. துணியை நனைத்துவிட்டு அழுதது.

சென்னியப்பன் கொண்டுவந்திருந்த மஞ்சள் பையைச் சாமி கேட்டு வாங்கினார். உள்ளே மரகதம் தைத்த ஜப்லாக்கள். சாமி பார்க்க வேண்டும் என்று கொண்டுவந்தவை. ஒவ்வொன்றிலும் அம்பு.

சாமி ஒன்றை உருவி கோகிலாவிடம் நீட்டினார்.

“இதைப் போட்டு உடுங்க.”

சென்னியப்பன் பதறி எழுந்தார். மடியிலிருந்த வெங்காயத் தோல் பறந்தது.

“சாமி, அது ரிஜெக்ட்டுங்க! அம்பு இருக்குது பாருங்க!”

“பாப்பாவுக்கு இன்னும் படிக்கத் தெரியாதுங்ணா.”

கோகிலா ஸ்டிக்கரைக் கிள்ளி எறிந்தாள். ஜப்லாவை முகத்தில் ஒற்றிப் பார்த்தாள். வெள்ளைத் துணி, ஓரத்தில் இளம்பச்சை நாடா. குழந்தைக்குப் போட்டு முதுகில் நாடாவை முடிந்தாள். குழந்தை அழுகையை நிறுத்தியது. கொட்டாவி விட்டது.

“எங்க வாங்கினீங்க பெரியப்பா? கழுத்து உறுத்தவே இல்லை.”

“வாங்கலைம்மா. எங்க ஊட்டுல தைச்சது.”

“அப்ப இனி உங்க ஊட்டுக்கே வந்துடறேன். கொஞ்சம் பாப்பாவைப் பிடிங்க. சாம்பாரை எறக்கி வச்சுட்டு வந்துடறேன்.”

பதிலுக்குக் காத்திராமல் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

*

சென்னியப்பன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் கழுத்தைப் பார்த்தார். ஒரு நூல் இறங்கித்தான் இருந்தது. குழந்தையின் தாடைக்குக் கீழே மடிந்த சதையில் அந்த ஒரு நூல் எங்கே போனது என்று தெரியவில்லை. விரலால் தேடினார். குழந்தை அந்த விரலைப் பிடித்துக்கொண்டது.

அடுத்து கைத் தையலைப் பார்த்தார். பிறகு ஓரம்.

பிறகு முகம்.

கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக இருந்தது.

அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்தார். எச்சில் தொட்டார். ஒரே துடைப்பு. கறை போய்விட்டது. கன்னம் சுத்தமாக இருந்தது.

அவர் முகம் மறுபடி தெளிந்தது.

கோகிலா கையைத் துடைத்தபடி வந்தாள். குழந்தையைப் பார்த்தாள்.

“ஐயோ, எதுக்குங்க பெரியப்பா அதைத் தொடச்சீங்க?”

“கோணலா இருந்துச்சும்மா.”

“கோணலா இருக்கட்டும்னுதானே வச்சேன்!”

சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. திருஷ்டிப் பொட்டு. அவருக்குத் தெரியாததா? அவர் மகளுக்கு மரகதம் வைத்த பொட்டு அவர் சட்டைத் தோளில் எத்தனையோ நாள் ஒட்டியிருக்கிறது. கண் பார்ப்பதற்கு முன்னால் கை போய்விட்டது.

“தெரியாமத் தொடச்சுட்டேன்மா.”

“அழகா இருக்குற பிள்ளையைப் போய் மொட்டையா உட்டுட்டீங்க. பந்திக்கு வர்றவங்க கண்ணெல்லாம் படும்.”

அவள் கூடையிலிருந்து கண்மை டப்பாவை எடுத்தாள். அவர் முன்னால் நீட்டினாள்.

“நீங்கதானே தொடச்சீங்க. நீங்களே வைங்க.”

சென்னியப்பன் விரலில் மையைத் தொட்டார். ஒரு கண்ணை மூடினார். மூக்குக்கும் காதுக்கும் நடுவே இடம் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தார்.

அச்சு வார்த்தது போல வட்டமாக ஒரு பொட்டு.

கோகிலா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

“ஏனுங்க பெரியப்பா, கல்யாணப் பொண்ணுக்கா வைக்கறீங்க? இதுக்கே தனியாக் கண்ணு படும்.”

கட்டை விரலால் அதை ஓர் இழுப்பு இழுத்தாள். பொட்டு கோணியது.

“இப்பத்தான் சரி” என்றாள்.

சென்னியப்பன் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் வேட்டியை நனைத்தது. அவர் அசையவில்லை.

சாமி அந்தப் பக்கமாக வந்தார். கையில் சோற்று வாளி.

“என்னங்ணா, பாஸுங்களா?”

சென்னியப்பன் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். துண்டிலிருந்த மை அவர் கன்னத்திலும் பட்டது.

“அப்படியே இருக்கட்டும், தொடைக்காதீங்க” என்றார் சாமி. “வந்து சாப்பிடுங்க. பசியோட போனா ஊட்டுல சண்டைதான் வரும்.”

*

வீட்டுக்கு வந்தபோது மரகதம் நாளைக்கு உடுத்தும் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“கன்னத்துல என்ன மை?”

“இருக்கட்டும்.”

அவர் பீரோ மேலிருந்த மூட்டையை இறக்கினார். கூடத்தில் அவிழ்த்துக் கொட்டினார். ஆறேழு மாதத் தையல். எல்லாவற்றிலும் சிவப்பு முனைகள்.

ஒன்றை எடுத்தார். இன்ச் டேப்பைத் தேடவில்லை. துணியை உள்பக்கம் வெளியே திருப்பினார். தையலைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார்.

“குத்துது” என்று ஒதுக்கினார்.

அடுத்தது.

“இதுவும் குத்துது.”

மரகதம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“என்ன பண்றீங்க?”

“கொழந்தைக்குக் குத்துமான்னு பார்க்கறேன்.”

“நாலு நாளா ஷேவ் பண்ணலை. உங்க தாடிதான் குத்துது.”

சென்னியப்பன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். உண்மைதான்.

“அப்ப இங்க வா.”

“எதுக்கு?”

“வாயேன்.”

அவள் வந்து உட்கார்ந்தாள். அவர் துணியை அவள் கன்னத்தில் மெல்ல வைத்தார்.

“குத்துதா?”

“இல்லை.”

அம்பை உரித்தார். அடுத்ததை வைத்தார்.

“இது?”

“இல்லை.”

“இது?”

“இது ஒரு பக்கம் உறுத்துது. அன்னைக்குக் கரண்ட் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு.”

அதைத் தனியாக வைத்தார். தனியாக வைத்த குவியல் சின்னதாகவே இருந்தது.

பாதிக்கு மேல் முடிந்தபோது மரகதம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

*

வெயில் தாழ்ந்ததும் இருவரும் மொபெட்டில் ஹமீது பாய் கடைக்குப் போனார்கள். பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் குழந்தைத் துணிக் கடை.

பாய் ஒரு ஜப்லாவை எடுத்துப் பார்த்தார். அவரும் தொழில் தெரிந்தவர்.

“ஏனுங்க, கழுத்து கொஞ்சம் எறங்கியிருக்கே.”

சென்னியப்பனின் கை சட்டைப் பைக்குப் போனது. பாதியில் நின்றது.

“ஆமாங்க பாய்.”

“தெரிஞ்சேவா கொண்டு வந்தீங்க?”

“தெரிஞ்சேதானுங்க. கன்னத்துல வச்சுப் பாருங்க.”

பாய் அவரை ஒரு மாதிரி பார்த்தார். வைத்துப் பார்த்தார். தாடிக்கு மேலே, கண்ணோரம்.

அந்த நேரம் ஓர் இளைஞன் கடைக்குள் ஓடிவந்தான். தலைமுடி கலைந்திருந்தது. செருப்பு கால் மாறியிருந்தது.

“பாய், பொண்ணு பொறந்திருக்குது! ஏதாச்சும் மெத்துன்னு கொடுங்க. பெருசா வேண்டாம். ரொம்பச் சின்னதா இருக்குது.”

பாய் கண்ணோரத்தில் வைத்திருந்ததை அப்படியே அவனிடம் கொடுத்தார். அவன் மேலும் கீழும் பார்க்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்தான்.

சென்னியப்பன் கடை வாசலுக்கு வந்து, அவன் ஆஸ்பத்திரிப் படியில் ஏறி மறையும்வரை பார்த்தார்.

“மூட்டையை வச்சுட்டுப் போங்க” என்றார் பாய். “அடுத்த வாரமும் கொண்டு வாங்க.”

திரும்பும்போது மொபெட்டில் பின்னாலிருந்து மரகதம் சொன்னாள்:

“நாளைக்கு வேன் வருமுங்க.”

“பாய்தான் கேட்டுட்டாரே.”

“பாய் கேட்பாரு. உங்க கையை எனக்குத் தெரியாதா? இன்னைக்கு உரிப்பீங்க. நாளான்னைக்கு ஒட்டுவீங்க. இளைப்பைக்கூடத் தாங்கிக்குவேன்.”



*

பின்னால் நடந்தது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டையும் வாடகைக்குப் பிடித்தார்கள். மெஷின்கள் கூடின. ஜப்லாவோடு குல்லாவும் தைத்தார்கள். ஈரோட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் கடைக்காரர்கள் தேடி வந்தார்கள். அவரைப் போல வேலை போன சிலர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள்.

இது எப்படி நடந்தது என்று ஒரு கூட்டத்தில் சென்னியப்பனைக் கேட்டார்கள். தரம்தான் காரணம் என்று அவர் மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள்.

உண்மையில் எல்லாம் அந்தத் திங்கட்கிழமை காலையில் தீர்மானமானது. அதை அவர் மைக்கில் சொல்லவில்லை.

அன்று காலை மரகதம் சீக்கிரமே எழுந்து சமைத்தாள். டிபன் பாக்ஸைக் கட்டினாள். இஸ்திரி போட்ட சேலையை உடுத்திக்கொண்டாள். மெஷின் பக்கம் திரும்பவில்லை.

வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏறுங்கக்கா, நேரமாச்சு” என்றான் டிரைவர்.

மரகதம் செருப்பை மாட்டினாள்.

“மரகதம்” என்றார் சென்னியப்பன்.

“என்னுங்க?”

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நல்லா இருக்குது.”

“எது?”

“நீ தைக்கிறது.”

மரகதம் அவரைப் பார்த்தாள். வேனுக்குள் இருந்த பெண்களும் பார்த்தார்கள்.

“ஒரு பீஸுல பச்சை நாடா வச்சிருந்தியே. நான் சொல்லலை, நீயா வச்சே. அது ரொம்ப நல்லா இருந்துச்சு. போன மாசமே பார்த்தேன்.”

“பார்த்துட்டு?”

“அம்பு ஒட்டிட்டேன்.”

வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தான்.

“கல்யாணம் பண்ணி மகளையும் கட்டிக் கொடுத்தாச்சு” என்றாள் மரகதம். “இதைச் சொல்றதுக்கு ஒரு வேன் வர வேண்டியிருக்குது.”

“இன்னும் இருக்குது” என்றார் சென்னியப்பன்.

“என்ன இருக்குது?”

“சொல்ல வேண்டியது.”

மரகதம் வேன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, நீங்க போங்க. இவரு இன்னும் என்னமோ சொல்லணுமாம்.”